ஆறு வயதில் வேலைக்குச் சேர்ந்தவர்

அப்பாவும் மகனும் தூண்டில் கழிகளைத் தோளில் சாய்த்துக்கொண்டு ஏரிக்கரை மண்பாதையில் நடந்து வருகிறார்கள். பின்னணியில் யாரோ சீட்டியடிக்கிறார்கள். பையன் ஒரு கல்லைத் தண்ணீருக்குள் வீசுகிறான். 1960 அக்டோபர் 3 முதல் 1968 ஏப்ரல் 1 வரை ஓடிய 'தி ஆண்டி கிரிஃபித் ஷோ' என்ற அமெரிக்கத் தொடர் இப்படித்தான் தொடங்கும். கதைப்படி அது வட கரோலினாவில் மேபெரி என்ற சிற்றூர். படம்பிடித்த இடமோ லாஸ் ஏஞ்சலஸில் உள்ள ஃபிராங்க்ளின் கேன்யன் நீர்த்தேக்கத்தின் கரை. பையனுக்கு ஆறு வயது. அவன் எறிந்த கல் தண்ணீர்வரை போகவில்லை. அதனால் செட் பொருட்களைக் கவனிக்கும் ஊழியர் ஒருவர் மறைவில் நின்றுகொண்டு, பையன் கையை வீசும் அதே நேரத்தில் வேறொரு கல்லைத் தண்ணீரில் எறிந்தார். பார்ப்பவர்களுக்குப் பையனே எறிந்ததுபோல் இருக்கும்.

அந்தப் பையன்தான் ரான் ஹோவர்ட். 'எ பியூட்டிஃபுல் மைண்ட்' படத்துக்காக 2002 மார்ச்சில் சிறந்த இயக்குநருக்கான ஆஸ்கர் வாங்கியவர். 'அப்போலோ 13', 'தி டாவின்சி கோட்' என்று நம் ஊர்த் திரையரங்குகளுக்கும் வந்த படங்களை எடுத்தவர். ஆறு வயதில் தொலைக்காட்சித் தொடருக்குள் வந்து, எழுபது வயதைக் கடந்த பிறகும் அதே தொழிலில், தானே முடிவெடுக்கும் இடத்தில் இருப்பவர்கள் எத்தனை பேர்? குழந்தை நட்சத்திரங்களின் பட்டியலை எடுத்து ஒவ்வொரு பெயராகத் தேடிப் பாருங்கள், சில பெயர்களிலேயே மனம் கனத்துவிடும்.

சென்னையில் சீரியல்களில் உதவி இயக்குநராகச் சில வருடங்கள் வேலை பார்த்தேன். சாலிகிராமம், வளசரவாக்கம் பக்கத்து பங்களாக்களில் காலை ஏழு மணிக்கு ஷூட்டிங் தொடங்கும். செட்டில் குழந்தை இருந்தால் அது பெண் உதவி இயக்குநரின் பொறுப்பு என்பது எழுதாத விதி. சாப்பிட வைப்பது, கன்டினியூட்டிக்காக ரிப்பன் நிறத்தைக் குறித்துவைப்பது, கேமராவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாக ப்ராம்ப்ட் செய்வது எல்லாம் என் வேலை. அழும் காட்சி என்றால் செட்டே கொஞ்சம் மாறிவிடும். "அம்மா உன்னை விட்டுட்டு ஊருக்குப் போயிட்டாங்க பாப்பா" என்று யாராவது சொல்வார்கள். குழந்தை நிஜமாகவே அலறும். "சூப்பர், டேக் ஓகே" என்பார்கள். ஒரு தாயே என்னிடம் வந்து, "ரெண்டு தட்டுத் தட்டினா நல்லா அழுவா மேடம்" என்று சொன்னதுண்டு. அவர் கெட்டவர் இல்லை. பேட்டா வாங்கிக்கொண்டு கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டிய அவசரம் அவருக்கு. அந்தச் செட்டுகளில் இருந்த காலத்திலிருந்தே, இதை வேறு விதமாகச் செய்ய முடியுமா என்ற கேள்வி எனக்குள் இருந்தது. ரான் ஹோவர்ட்டும் அவர் தம்பி கிளின்ட்டும் சேர்ந்து எழுதி 2021ல் வெளியிட்ட 'தி பாய்ஸ்' என்ற வாழ்க்கை வரலாற்றில் அதற்கான பதில் கிடைத்தது. வேறு விதமாகச் செய்திருக்கிறார்கள். அதுவும் 1960லேயே.

ரானின் அப்பா ரான்ஸ் ஹோவர்ட் ஒக்லஹோமா மாநிலத்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். அம்மா ஜீனும் அதே மாநிலம். இருவருக்கும் நடிப்பு என்றால் உயிர். ஊர் ஊராகப் போய்க் குழந்தைகளுக்கு நாடகம் போடும் குழுவில் இருந்தவர்கள். 1954 மார்ச் 1 அன்று டங்கன் என்ற ஊரில் ரான் பிறந்தார். சில ஆண்டுகள் கழித்து ரான்ஸ் 'மிஸ்டர் ராபர்ட்ஸ்' என்ற நாடகத்தில் ஈடுபட்டிருந்தார். வீட்டில் அந்த வசனங்கள் காதில் விழுந்து விழுந்து, எழுதப் படிக்கத் தெரியாத பிள்ளை பெரியவர்களின் வசனத்தை அப்படியே சொல்ல ஆரம்பித்தான். நியூயார்க்கில் தனக்கு வாய்ப்புத் தேடிப் போன அலுவலகம் ஒன்றில் ஒரு படத்துக்குக் குழந்தைகளைத் தேர்ந்தெடுப்பதைப் பார்த்த ரான்ஸ், என் மகனும் நடிப்பான் என்று சொன்னார். அந்தப் படம் யூல் பிரின்னரும் டெபோரா கெரும் நடித்த 'தி ஜர்னி'. படப்பிடிப்பு வியன்னாவில். பையனுக்கு வயது நான்கு.

பிறகு குடும்பம் கலிபோர்னியாவுக்குக் குடிபெயர்ந்தது. ஒரு தொலைக்காட்சி நாடகத்தில் பையனைப் பார்த்த ஷெல்டன் லெனர்ட் என்ற தயாரிப்பாளர், தான் தொடங்கவிருந்த புதிய தொடரில் நாயகனின் மகன் ஓப்பி வேடத்துக்கு அவனை எடுத்துக்கொண்டார். நாயகன் ஆண்டி கிரிஃபித். மனைவியை இழந்த ஊர் ஷெரிஃப், தன் மகனைத் தனியே வளர்க்கிறார் என்பது கதை. எட்டு ஆண்டுகள், 249 எபிசோடுகள். கடைசி ஆண்டில் அமெரிக்காவிலேயே அதிகம் பேர் பார்த்த தொடர் அதுதான்.

தொடக்கத்தில் எழுதிவந்த எபிசோடுகளைப் படித்த ரான்ஸுக்கு ஒரு விஷயம் உறுத்தியது. அந்தக் காலத் தொடர்களில் குழந்தை என்றால் வாயாடி. அப்பாவை மடக்கிப் பேசிச் சிரிப்பு வாங்குவதுதான் அதன் வேலை. ஓப்பியையும் அப்படியே எழுதியிருந்தார்கள். ரான்ஸ் மெல்ல ஆண்டி கிரிஃபித்திடம் போய், இந்தப் பையன் தன் அப்பாவை உண்மையிலேயே மதிக்கிறவனாக இருந்தால் எப்படி இருக்கும் என்று கேட்டார். வேடத்துக்கு வந்த பிள்ளையின் அப்பா, தொடரின் நாயகனிடம் போய்க் கதையைப் பற்றிப் பேசுவது எவ்வளவு துணிச்சல் என்பது செட்டில் இருந்தவர்களுக்குத் தெரியும். எங்கள் பக்கம் அப்படிப் பேசியிருந்தால் மறுநாள் வேறு குழந்தை வந்திருக்கும். கிரிஃபித் கோபப்படவில்லை. ரான்ஸும் ரானும் தங்களுக்குள் எப்படிப் பேசிக்கொள்கிறார்கள், எப்படிப் பழகுகிறார்கள் என்று கவனித்து, ஆண்டிக்கும் ஓப்பிக்குமான உறவை அதன் சாயலில் அமைத்தார்கள். பல வருடம் கழித்துத்தான் ரானுக்கு இது தெரியவந்தது.

மகனுக்கு நடிப்புச் சொல்லிக்கொடுத்ததும் ரான்ஸ்தான். அவருடைய முறையை நான் திரும்பத் திரும்பப் படித்தேன். 'இந்த வரியை இப்படிச் சொல்' என்று சொல்லிக்காட்டுவது அவரிடம் இல்லை. பையனுக்குப் படிக்கத் தெரியாத வயதில் காட்சியை முழுவதும் வாசித்துக்காட்டுவார். இந்தப் பையன் ஏன் இங்கே வந்திருக்கிறான், அவனுக்கு இப்போது என்ன வேண்டும், எதிரில் இருப்பவர் என்ன சொல்கிறார் என்று பேசுவார். எதிரில் நடிப்பவர் பேசுவதைக் காதுகொடுத்துக் கேட்க வேண்டும் என்பது முக்கியமான பாடம். இது தெரிந்த பிள்ளைக்கு ப்ராம்ப்டிங் தேவைப்படாது.

இந்த முறை எந்த அளவுக்குப் போகும் என்பதை 1963 செப்டம்பர் 30 அன்று ஒளிபரப்பான எபிசோடில் பார்க்கலாம். ஓப்பி உண்டிவில்லால் விளையாட்டாகக் குறிபார்த்து ஒரு தாய்ப்பறவையைக் கொன்றுவிடுகிறான். அது செத்துவிட்டது என்று நம்ப மனமில்லாமல் கையில் எடுத்து, 'பறந்து போ' என்று கெஞ்சுகிறான். அந்த அழுகை நிஜ அழுகை. ரான்ஸ் அதற்குப் பொய் எதுவும் சொல்லவில்லை, அடிக்கவும் இல்லை. வீட்டில் வளர்த்த நாய் செத்தபோது உனக்கு எப்படி இருந்தது என்று மகனிடம் பேசி, அந்த நினைவைக் காட்சிக்குள் கொண்டுவரச் சொல்லிக்கொடுத்தார். பெரிய நடிகர்கள் பயிற்சிப் பள்ளிகளில் காசு கொடுத்துக் கற்றுக்கொள்கிற வித்தை இது. ஒன்பது வயதுப் பையனுக்கு இது நடிப்பு, இது நான் தெரிந்தே செய்வது என்று புரிந்திருந்தது. ஏமாற்றி அழவைத்த குழந்தைக்கு அது புரியாது. கட் சொன்ன பிறகும் அது வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும்.

இன்னொரு சம்பவத்தை ரான் ஹோவர்ட் பேட்டிகளில் பல முறை சொல்லியிருக்கிறார். தொடரின் இரண்டாவது ஆண்டு. அவருக்கு ஏழு வயது. ஒரு காட்சியில் ஓப்பி பேச வேண்டிய வரி அவருக்குச் சரியாகப் படவில்லை. சின்னப் பையன் இப்படிப் பேச மாட்டான் என்றார். பின் எப்படிப் பேசுவான் என்று இயக்குநர் பாப் ஸ்வீனி கேட்டார். பையன் சொன்னான். சரி, அப்படியே சொல் என்று இயக்குநர் ஒத்துக்கொண்டார். ஒத்திகை தொடர்ந்தது, பையன் மட்டும் இளித்துக்கொண்டே நின்றான். என்னப்பா சிரிப்பு என்று கிரிஃபித் கேட்டார். நான் சொன்ன யோசனையை நீங்கள் ஏற்றுக்கொண்டது இதுதான் முதல் தடவை என்றான் பையன். நீ சொன்னதில் உருப்படியான யோசனை இதுதான் முதல் தடவை என்றார் கிரிஃபித்.

எனக்கு இதில் பிடித்தது கிரிஃபித்தின் அந்தப் பதில். குழந்தை சொல்லிவிட்டானே என்று கன்னத்தைக் கிள்ளிக் கொஞ்சி ஏற்றுக்கொள்ளவில்லை. நன்றாக இருந்தது, அதனால் ஏற்றுக்கொண்டார். மற்றவை நன்றாக இல்லை என்பதையும் மறைக்கவில்லை. ஒரு நல்ல மேஸ்திரி தன்னிடம் வேலை பழக வந்த பையனிடம் பேசுகிற பேச்சு அது. எபிசோடை எல்லாரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்து வாசித்துப் பார்த்து, எது சிரிப்பு வரவில்லை, எதை மாற்ற வேண்டும் என்று விவாதிக்கும்போது அந்தப் பையனும் உடன் இருந்தான். ஒரு காட்சி ஏன் வேலை செய்கிறது, ஏன் செய்யவில்லை என்று பெரியவர்கள் சண்டை போடுவதை எட்டு வருடம் கேட்டவனுக்கு, பின்னாளில் இயக்கம் பெரிய புதிராக இருந்திருக்காது.

பள்ளிப் படிப்பு? கலிபோர்னியாவில் பள்ளி வயதுக் குழந்தை செட்டில் இருந்தால் நாளுக்கு மூன்று மணி நேரம் பாடம் நடக்க வேண்டும் என்பது விதி. அதற்கென ஆசிரியர் ஒருவர் அங்கேயே இருப்பார், கேமரா தயாராக இருந்தாலும் பாட நேரம் பாட நேரம்தான். படப்பிடிப்பு இல்லாத மாதங்களில் ரான் பர்பேங்க்கில் எல்லாரும் போகும் அரசுப் பள்ளிக்கே போனார். அங்கே ஓப்பி என்ற பெயரை வைத்துக் கேலி, சண்டை எல்லாம் உண்டு. பையன்களோடு மல்லுக்கட்டித்தான் அவர் தன் இடத்தைப் பிடித்திருக்கிறார்.

இனி பணம். அந்த வீட்டில் அப்பாவும் நடிகர், மகனும் நடிகர். மகனின் சம்பளம் அப்பாவுடையதைவிட அதிகம். ரான்ஸுக்குக் கிடைத்தவை பெரும்பாலும் சின்னச் சின்ன வேடங்கள். இந்த நிலையில் எந்த அப்பாவுக்கும் உள்ளுக்குள் ஏதோ குத்தும். ரான்ஸும் ஜீனும் இரு மகன்களின் வருமானத்திலிருந்து எடுத்துக்கொண்டது மேலாளர் பங்காக வெறும் 5 சதவீதம். மற்ற மேலாளர்கள் எடுப்பதைவிடக் குறைவு. மீதி பிள்ளைகளின் பெயரில் சேர்ந்தது. நாடெங்கும் தெரிந்த முகத்தின் குடும்பம், நடுத்தர வர்க்கத்து வீட்டிலேயே வாழ்ந்தது. வீட்டுச் செலவு என் தோள்மேல் இருக்கிறது என்ற எண்ணம் சிறுவயதில் தனக்கு வந்ததே இல்லை என்று ரான் சொல்கிறார். குழந்தைக் கலைஞர்களைப் பற்றி யார் பேசினாலும் முதலில் கேட்க வேண்டியது இதுதான் என்று நினைக்கிறேன். நாளைக்கு ஷூட்டிங் இல்லை என்றால் இந்த வீட்டில் யாருக்கெல்லாம் சோறு இல்லை? அந்தப் பதில் குழந்தைக்குத் தெரிந்திருந்தால், அதற்குப் பிறகு அது குழந்தை இல்லை.

இப்படி இல்லாத வீடுகளின் கதைகள் ஏராளம். சார்லி சாப்ளினின் 'தி கிட்' (1921) படத்தில் கண்ணாடியை உடைத்துவிட்டு ஓடும் சிறுவன் ஜாக்கி கூகன், சிறுவயதில் முப்பது நாற்பது லட்சம் டாலர் சம்பாதித்ததாகக் கணக்கு. பெரியவனானதும் கேட்டால் கையில் ஒன்றும் இல்லை. தாய்மீதும் மாற்றாந்தந்தைமீதும் 1938ல் வழக்குப் போட்டார். கிடைத்தது சுமார் 1,26,000 டாலர். அந்த அநியாயத்தைக் கண்டு கலிபோர்னியா 1939ல் ஒரு சட்டம் கொண்டுவந்தது. இன்றும் அதைக் 'கூகன் சட்டம்' என்றே சொல்கிறார்கள். சட்டத்தில் ஓட்டைகள் இருந்தன. பின்னால் வந்த பல குழந்தைகளின் பணமும் அந்த ஓட்டைகள் வழியே போனது.

ரான் ஹோவர்ட்டுக்கு மிக அருகிலேயே இருந்த இன்னொரு பையனை நினைக்காமல் இந்தக் கதையைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆண்டி கிரிஃபித் தொடரின் முன்னோட்டம், டேனி தாமஸ் நடித்த வேறொரு பிரபலத் தொடரின் ஒரு எபிசோடாகத்தான் 1960 பிப்ரவரியில் வந்தது. இரண்டு தொடருக்கும் ஷெல்டன் லெனர்ட்தான் தயாரிப்பில் முக்கியமானவர். டேனி தாமஸ் தொடரில் மகனாக நடித்தவர் ரஸ்டி ஹேமர். நறுக்கென்று பதில் சொல்லிச் சிரிக்கவைக்கும் வாயாடிப் பையன் வேடம், ரான்ஸ் தன் மகனுக்கு வேண்டாம் என்று சொன்ன அதே வகை. பதினோரு ஆண்டு ஓடிய தொடர் 1964ல் முடிந்தபோது ரஸ்டிக்கு வயது 17. அதன் பிறகு நடிப்பு வேலை சரியாக அமையவில்லை. கிடைத்த வேலைகளைச் செய்தார், சமையல் வேலையும் பார்த்தார். 1990 ஜனவரியில் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார். வயது 42.

அந்தச் செய்தி பால் பீட்டர்சன் என்பவரை உலுக்கிவிட்டது. அவரும் 'தி டோனா ரீட் ஷோ' என்ற தொடரில் சிறுவனாக நடித்துப் பெரியவரானவர். குழந்தைக் கலைஞர்களுக்கும் முன்னாள் குழந்தைக் கலைஞர்களுக்கும் துணைநிற்க ஒரு அமைப்பைத் தொடங்கினார். சட்டத்தின் ஓட்டைகளை அடைக்கப் பல வருடம் போராடியவர்களில் அவர் முக்கியமானவர். 2000 ஜனவரி முதல் கலிபோர்னியாவில் குழந்தை சம்பாதிக்கும் பணம் சட்டப்படி குழந்தையுடையது. அதில் 15 சதவீதத்தை, பெற்றோர் தொட முடியாத கணக்கில் கட்டாயம் போட வேண்டும்.

நம் நாட்டிலும் விதி இருக்கிறது. பிள்ளையை சீரியலுக்கோ ரியாலிட்டி ஷோவுக்கோ அனுப்பும் பெற்றோரில் பலருக்கு அது தெரியாததால் இங்கே சொல்கிறேன். குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் கீழ் 2017ல் வந்த விதிகளின்படி, தயாரிப்பாளர் மாவட்ட ஆட்சியரின் அனுமதி பெற வேண்டும். குழந்தையை ஒரு நாளில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. ஓய்வு கொடுக்காமல் மூன்று மணி நேரத்துக்கு மேல் நிற்கவைக்கக் கூடாது. தொடர்ந்து 27 நாட்களுக்கு மேல் படப்பிடிப்பு கூடாது. வருமானத்தில் 20 சதவீதமாவது குழந்தையின் பெயரில் வங்கியில் வைப்புத்தொகையாகப் போக வேண்டும். அதன் விருப்பத்துக்கு மாறாக நடிக்கவைக்கவே கூடாது. செட்டுக்குப் போகும்போது இந்த விதிகளை மேனேஜரிடம் வாய்விட்டுக் கேட்கலாம். கேட்பது பெற்றோரின் உரிமை.

தொடர் முடிந்தபோது ரானுக்கு வயது 14. குழந்தை நடிகர்களுக்கு இதுதான் பள்ளம். குரல் உடைகிறது, கைகால் நீள்கிறது, நேற்றுவரை கன்னத்தைத் தட்டியவர்களுக்கு இன்று அடையாளம் தெரியவில்லை. அந்தப் பருவத்தில் ரான் கையில் இருந்தது ஒரு சின்ன 8 மில்லிமீட்டர் கேமரா. குறும்படம் எடுத்து கோடாக் நிறுவனத்தின் போட்டியில் இரண்டாம் பரிசு வாங்கினார். அடுத்து 'தி ஸ்மித் ஃபேமிலி' என்ற தொடரில் ஹென்றி ஃபோண்டாவோடு நடித்தார். தொடர் பெரிதாகப் போகவில்லை. ஆனால், ஃபோண்டா இந்த இளைஞனின் ஆசையைப் புரிந்துகொண்டு இயக்குநராகு என்று ஊக்கப்படுத்தினார். பல்கலைக்கழகத் திரைப்படப் பள்ளியில் சேர்ந்து பாதியில் விட்டார். ஜார்ஜ் லூகாஸின் 'அமெரிக்கன் கிராஃபிட்டி' (1973) படம், பிறகு 1974ல் தொடங்கிய 'ஹேப்பி டேஸ்' தொடர். மறுபடியும் நாடே அறிந்த முகம்.

'ஹேப்பி டேஸ்' தொடரில் அவர்தான் நாயகன் ரிச்சி. ஆனால், ஹென்றி விங்க்ளர் நடித்த ஃபான்ஸி என்ற தோல்ஜாக்கெட் பாத்திரம் தீயாய்ப் பற்றிக்கொண்டது. தொடரின் பெயரையே 'ஃபான்ஸியின் ஹேப்பி டேஸ்' என்று மாற்றிவிடலாமா என்று தொலைக்காட்சி நிர்வாகம் யோசித்தது. ரான் கத்தவில்லை, அழவில்லை. நான் ஒப்புக்கொண்டது 'ஹேப்பி டேஸ்' தொடருக்கு, பெயர் மாறினால் படிக்கப் போய்விடுகிறேன் என்று சொன்னார். பெயர் மாறவில்லை. விங்க்ளரோடு நட்பும் கெடவில்லை. தான் இயக்கிய 'நைட் ஷிஃப்ட்' (1982) படத்தில் விங்க்ளரையே நாயகனாக்கினார். போக வேறொரு வழி இருப்பவனால்தான் இவ்வளவு அமைதியாக மறுக்க முடியும்.

அந்த வழியைத் திறந்தவர் ரோஜர் கார்மன். சிக்கனத்துக்குப் பேர்போன தயாரிப்பாளர். புதியவர்களுக்குக் குறைந்த காசில் படம் எடுக்க வாய்ப்புக் கொடுப்பார், பிழிந்தும் எடுப்பார். என் படத்தில் நடி, பிறகு பார்க்கலாம் என்றார். ரான் 'ஈட் மை டஸ்ட்' படத்தில் நடித்தார், படம் ஓடியது. அடுத்து, 'கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ' என்று ஒரு தலைப்பு வைத்திருக்கிறேன், கார்கள் மோத வேண்டும், அதற்குக் கதை எழுத முடிந்தால் நீயே இயக்கலாம் என்றார் கார்மன். ரானும் அப்பா ரான்ஸும் சேர்ந்து திரைக்கதை எழுதினார்கள். ஆறு லட்சம் டாலர் அளவுக்குத்தான் செலவு. 1977ல் படம் வெளிவந்தபோது ரானுக்கு வயது 23. படப்பிடிப்பில் ஒரு கூட்டக் காட்சிக்கு இன்னும் கொஞ்சம் ஆட்களும் நேரமும் வேண்டும் என்று கேட்டபோது கார்மன் மறுத்துவிட்டார். இந்தப் படத்தை நன்றாக எடுத்துக் கொடுத்தால் இனி ஒருநாளும் என்னிடம் வேலை செய்ய வேண்டிய நிலை உனக்கு வராது என்றாராம். சொன்னதுபோலவே ஆயிற்று.

1980ல் ஒரு தொலைக்காட்சிப் படத்தில் பெட்டி டேவிஸை இயக்கினார். ஹாலிவுட்டின் பழைய சிங்கம் அவர், வயது 72. இயக்குநருக்கு 26. ரான் என்று கூப்பிடுங்கள் என்றதற்கு, உங்களைப் பிடிக்கிறதா இல்லையா என்று தெரியும்வரை மிஸ்டர் ஹோவர்ட் என்றுதான் கூப்பிடுவேன் என்றார் அம்மையார். முதல் நாள் படப்பிடிப்பில் ரான் ஒரு யோசனை சொன்னார். அதை அவர் முதலில் ஏற்கவில்லை. செய்து பார்த்துவிட்டு, நீங்கள் சொன்னதுதான் சரி என்றார். அன்று மாலை கிளம்பும்போது, "நாளை பார்க்கலாம், ரான்" என்று தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார். ஏழு வயதில் ஒரு செட்டில் நடந்தது இன்னொரு செட்டில் திரும்ப நடந்தது. யோசனை சரியாக இருந்தால் சொன்னவரின் வயதைப் பார்க்க வேண்டியதில்லை என்பதை அவர் முதலிலேயே அறிந்திருந்தார்.

அதே ஆண்டு 'ஹேப்பி டேஸ்' தொடரை விட்டார். பிறகு நடந்தது ஊரறிந்தது. 'ஸ்பிளாஷ்', 'கொக்கூன்', 'பேரன்ட்ஹுட்', 'பேக்டிராஃப்ட்'. பிரையன் கிரேசரோடு சேர்ந்து சொந்தத் தயாரிப்பு நிறுவனம். 'அப்போலோ 13' (1995) படத்தை மட்டும் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். எடையற்று மிதக்கும் காட்சிகளுக்காக நாசாவின் பயிற்சி விமானத்துக்குள்ளேயே செட் போட்டார்கள். விமானம் மேலே ஏறிக் கீழே சரியும் ஒவ்வொரு முறையும் இருபத்தைந்து விநாடி அளவுக்குத்தான் எடை இல்லாமல் இருக்கும். அதற்குள் ஒரு ஷாட். இப்படி நூற்றுக்கணக்கான முறை. படத்தில் விண்வெளி வீரர் ஜிம் லவலின் வயதான தாயாக வந்து, துணி துவைக்கும் இயந்திரத்தைப் பறக்கவிட்டாலும் என் மகன் பத்திரமாக இறக்கிவிடுவான் என்று சொல்லி எல்லாரையும் தேற்றும் பாட்டி, இயக்குநரின் அம்மா ஜீன். பிள்ளைகளை வளர்க்க நடிப்பை ஒதுக்கிவைத்து, அவர்கள் ஆளான பிறகு மீண்டும் நடிக்க வந்தவர். படத்தின் பாதிரியார், அப்பா ரான்ஸ். ஜீன் 2000ல் காலமானார். ஆஸ்கர் மேடையில் ரான் அம்மாவைத்தான் நினைவுகூர்ந்தார். இந்தப் படத்துக்கு உனக்கு ஆஸ்கர் கிடைக்கும் என்று அம்மா சொன்னார், 1983லிருந்து ஒவ்வொரு படத்துக்கும் அதையேதான் சொன்னார் என்று சொல்லி அரங்கைச் சிரிக்கவைத்தார்.

இவ்வளவையும் படித்துவிட்டு, நல்ல அப்பா அம்மா இருந்தால் போதும் என்று யாரும் முடிவுகட்டிவிடக் கூடாது. ரானுக்கு ஐந்து வயது இளையவர் கிளின்ட். அவரும் குழந்தை நடிகர்தான். 1967ல் தொடங்கிய 'ஜென்டில் பென்' தொடரில் ஒரு பெரிய கரடியின் தோழனாக நடித்துப் புகழ்பெற்றார். அதே வீடு, அதே அப்பா, அதே பாடம், அதே 5 சதவீதம். ஆனால், கிளின்ட் பதின்பருவத்திலேயே கஞ்சாவில் தொடங்கி, பின்னர் மதுவிலும் கொக்கைனிலும் விழுந்தார். 1991ல் அவற்றிலிருந்து மீண்டார். 'தி பாய்ஸ்' நூலில் அண்ணனும் தம்பியும் மாறி மாறி எழுதியிருக்கிறார்கள். போதைப் பழக்கத்தைப் பற்றிய பக்கங்களைக் கிளின்ட்டே எழுதியிருக்கிறார். யார்மீதும் பழி போடாமல் எழுதியிருக்கிறார். அந்தப் பக்கங்களால்தான் நான் அந்தப் புத்தகத்தை முழுதாக நம்புகிறேன்.

கிளின்ட் நடிப்பை விடவும் இல்லை. இருநூறுக்கும் மேற்பட்ட படங்களிலும் தொடர்களிலும் வந்துவிட்டார். பெரும்பாலும் இரண்டு மூன்று காட்சிகள், சில சமயம் இரண்டு மூன்று வசனங்கள்தான். 'அப்போலோ 13'ல் கட்டுப்பாட்டு அறையில் கண்ணாடி போட்டுக்கொண்டு, ஆக்சிஜன் அளவு இறங்குவதைத் திரையில் பார்க்கும் பொறியாளர் அவர்தான். அடுத்த முறை அந்தப் படத்தைப் பார்க்க நேர்ந்தால் அவரைக் கவனியுங்கள். காதில் விழும் ஒவ்வொரு சொல்லையும் உண்மையாகவே கேட்டுக்கொண்டிருப்பார்.